உடைந்த மூக்குக் கண்ணாடி

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு சொல் வழங்குகிறது: 'சொல்தா'. வில்லியனூரிலோ பாகூரிலோ பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்கடைக்காரரிடம், "இங்கே சொல்தா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தச் சொல்தா?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம்!

அது யாருக்கோ ஊரார் சூட்டிய பட்டப் பெயர் அல்ல. பிரெஞ்சு மொழியில் சிப்பாய்க்கு அதுதான் பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, கண் காணாத சீமைகளில் துப்பாக்கி பிடித்து, உயிரோடு ஊர் திரும்பி, மாதா மாதம் பென்ஷன் வாங்கியவர் சொல்தா. அந்தப் பென்ஷன் முன்பு பிராங்குக் கணக்கில் வந்தது. இப்போது யூரோக் கணக்கில் வருகிறது. சைகோனுக்குப் போனவர்கள், ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள், பிரான்சுக்கே போனவர்கள் என்று சொல்தாக்களில் பல வகை உண்டு.

பாகூரைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. கடல் மாதிரி ஏரி. கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை நெல். சிங்காரி, பங்காரி என்று இரண்டு சகோதரிகள் தம் கைப் பொருளைச் செலவழித்து வெட்டிய வாய்க்கால்தான் இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பங்காரு வாய்க்கால் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. புதுச்சேரிக்கே சோறு போடும் பூமி இது. இப்படிப்பட்ட ஊரை விட்டு விட்டு ஒரு பிள்ளை எதற்காகக் கப்பலேற வேண்டும்?

நெல் விளைகிறது, வாஸ்தவந்தான். யாருடைய நிலத்தில் விளைகிறது என்று கேட்டால் விடை கிடைத்து விடும். காணி நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாளத்தில் சம்பளம் இருந்தது, சட்டை இருந்தது, காலுக்குப் பூட்ஸ் இருந்தது. அந்தப் பூட்ஸை லேசாக நினைத்து விடாதீர்கள். 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குள் நுழைந்ததற்காகப் புதுச்சேரியில் பெரிய வழக்கே நடந்தது. பிறகு 1881-ல் ஒரு சட்டம் வந்தது. தன் சாதி ஆசார வழக்கத்தை விட்டு விட்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளலாம். அந்த வக்கீல் வைத்துக் கொண்ட பெயர் 'லாபோர்த்'. வாசற்கதவு என்று பொருள்! அப்படிப் பெயர் மாற்றிக் கொண்ட குடும்பங்களிலிருந்துதான் பிற்காலத்தில் சொல்தாக்களில் பலர் புறப்பட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் சரி, திரும்பாதவர்கள்?

புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே, நான்கு வெள்ளைத் தூண்களுக்கு நடுவில் ஒரு போர் வீரனின் சிலை தலை குனிந்து நிற்கிறது. 1938-ல் திறந்து வைத்த யுத்த நினைவுச் சின்னம் அது. 1914-லிருந்து 1918 வரை நடந்த பெரிய யுத்தத்தில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களின் பெயர்களை அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஜூலை 14-ந் தேதி, பிரெஞ்சுத் தேசிய தினத்தன்று, விளக்கு அலங்காரம் செய்கிறார்கள். மாஜி சொல்தாக்கள் மார்பில் மெடல்களைக் குத்திக் கொண்டு வருகிறார்கள். கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும் நாம் அந்தப் பெயர்களை ஒரு தடவை படித்து விட்டுச் சுண்டல் வாங்கப் போய் விடுகிறோம்.

பெயரைப் படித்தால் ஆளைத் தெரிந்து கொள்ள முடியுமா? சுருட்டை முடியா, சோடாப் புட்டிக் கண்ணாடியா, கோபக்காரனா, பாட்டுப் பாடுகிறவனா, கல்லில் அதெல்லாம் இல்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து, அந்நிய நாட்டில் குடியேறி, அந்த நாட்டின் சட்டையை மாட்டிக் கொண்டு அதே யுத்தத்தில் உயிரை விட்ட ஒரு வாலிபனின் கதை மட்டும் ஏறக்குறைய முழுதாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அது கிடைத்ததற்குக் காரணம் ஒரு மூக்குக் கண்ணாடி.

கங்கைக் கரைப் புதுச்சேரி

அந்தப் பிள்ளை வில்லியனூர்க்காரன் அல்ல, பாகூர்க்காரனும் அல்ல. ஆனால் ஒரு வகையில் இந்த ஊர்க்காரர்களுக்கு உறவு. பிரெஞ்சு இந்தியா என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக வங்காளத்தில் ஓர் ஊரும் சேர்ந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் சந்திரநாகூர். புதுச்சேரியில் உட்கார்ந்திருந்த கவர்னர்தான் அதற்கும் கவர்னர். வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேருக்கு வடம் பிடித்தாரே பிரெஞ்சுக் கவர்னர், அவருடைய அதிகாரம் கங்கைக்கரை வரை ஓடியது! நதியோரமாக அங்கே ஓர் உலாவும் சாலை உண்டு. படத்தில் பார்த்தால், "அட, நம் புதுச்சேரி பீச்சு ரோடு மாதிரி இருக்கிறதே!" என்று சொல்வீர்கள். 1949-ல் அந்த ஊர் ஜனங்கள் வாக்களித்து, 1950-ல் இந்தியாவோடு சேர்ந்து கொண்டார்கள். நமக்கு அந்தக் கட்டம் 1954-ல் வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 18-ந் தேதி இதே வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டுப் போட்டார்கள்.

அந்தச் சந்திரநாகூரில் 1887-ல் பிறந்தவன் ஜோகேந்திரநாத் சென். படிப்பில் சூரன். 1910-ல், இருபத்து மூன்று வயதில், இங்கிலாந்துக்குப் போனான். லண்டனுக்கோ ஆக்ஸ்போர்டுக்கோ அல்ல. வடக்கே, நெசவாலைகளின் புகை மூடிய லீட்ஸ் நகரத்துக்கு. அங்குள்ள சர்வகலாசாலையில் மின்சார என்ஜினீயரிங் படித்து 1913-ல் பட்டம் பெற்றான்.

பட்டம் வாங்கியவன் ஊர் திரும்பவில்லை. லீட்ஸ் நகரசபையின் மின்சார நிலையத்திலேயே உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது. லீட்ஸ் தெருக்களில் சாயங்காலம் விளக்கு எரிந்தது என்றால் அதில் நம் வங்காளிப் பிள்ளையின் கையும் இருந்தது. நண்பர்கள் 'ஜோகேந்திரநாத்' என்று நீட்டி முழக்க முடியாமல் 'ஜான் சென்' என்று சுருக்கிக் கொண்டார்கள். ஊர் நடுவில் இருந்த மில் ஹில் சர்ச்சுக்குப் போய் வந்து கொண்டிருந்தான். அது யுனிடேரியன் சபையாருடைய சர்ச்சு. பிராணவாயுவைக் கண்டு பிடித்தாரே பிரீஸ்ட்லி, அவர் ஒரு காலத்தில் அங்கே பாதிரியாராக இருந்தார். ராம்மோகன் ராய் காலம் தொட்டே வங்காளிகளுக்கும் அந்தச் சபையாருக்கும் நல்ல சிநேகம் உண்டு.

இப்படியே போயிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்? இன்னும் இரண்டு வருஷம் அனுபவம், பிறகு கல்கத்தாவில் பெரிய உத்தியோகம், கல்யாணம், குழந்தை குட்டிகள்... நம் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போகும்போது நாம் போடும் கணக்கு இருக்கிறதே, ஏறக்குறைய அதே கணக்குத்தான். 1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது.

தோழர் பட்டாளம்

அப்போது இங்கிலாந்தில் கட்டாயமாக ஆள் சேர்க்கும் சட்டம் இல்லை. ஆகவே யுத்த மந்திரி கிச்சனர் ஓர் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், ஒரே கிளப்பில் விளையாடுபவர்கள் சேர்ந்தாற்போல் வந்து பெயர் கொடுத்தால், அவர்களைப் பிரிக்காமல் ஒரே படைப்பிரிவாக வைத்திருப்போம் என்றார்கள். இவற்றுக்குத் 'தோழர் பட்டாளம்' என்று பெயர் வந்தது. லீட்ஸ் நகரத்தில் அந்தப் படைக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியது செப்டம்பரில். குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வியாபாரிகளின் பிள்ளைகளும் மூண்டியடித்துக் கொண்டு வந்தார்கள். ஆரம்பத்திலேயே வந்து நின்றவர்களில் ஜான் சென்னும் ஒருவன்.

ஏன் வந்தான்? அவன் ஊரில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. இங்கிலாந்து அரசர் அவனுக்கு அரசரும் அல்ல. "உனக்கென்னப்பா தலையெழுத்து?" என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால், கூட வேலை செய்தவர்களும் அடுத்த வீட்டுக்காரர்களும் வரிசையில் நிற்கும்போது தான் மட்டும் வீட்டுக்குள் இருப்பது, பிழைக்கப் போன ஊரில் சுலபமான காரியமா? அந்த ஊரும் தன் ஊர் என்று நினைத்திருந்தால் அன்றி ஒருவன் அப்படி வந்து நிற்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பட்டாளம் முழுவதிலும் வெள்ளைத்தோல் இல்லாதவன் அவன் ஒருவனே.

கால்ஸ்டர்டேல் என்ற குளிர் மலைப் பிரதேசத்தில், மரக் கொட்டகைகளில், இவர்களைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதே கொட்டகையில் படுத்துறங்கிய ஆர்தர் டால்பி என்பவர், தொண்டு கிழவராகி 1988-ல் அந்த நாட்களை நினைவு கூர்ந்தார். எங்கள் படையிலேயே அதிகம் படித்தவன் சென்தான்; ஏழு பாஷை பேசுவான்; ஆனாலும் அவனை லான்ஸ் கார்ப்பொரல் ஆகக்கூட விடவில்லை; கறுப்பன் ஒருவன் வெள்ளையனுக்கு மேலே இருப்பதை அந்த நாளில் ஒப்ப மாட்டார்கள் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

லான்ஸ் கார்ப்பொரல் என்றால் என்ன தெரியுமா? பட்டாளத்து ஏணியில் முதல் படி. சட்டைக் கையில் ஒரே ஒரு பட்டை. அதுகூடக் கிடையாது!

அதே படையில் எவலின் லிண்டாட் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட உபாத்தியாயர், இங்கிலாந்துக்காகக் கால்பந்து ஆடியவர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, அந்த வருஷம் முடிவதற்குள் லெப்டினென்டு ஆகி விட்டார். இன்னொருவர் இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடிய பூத். இவருக்குத் தாய் தகப்பன் இட்ட பெயரே 'மேஜர்'. அதனால் செகண்டு லெப்டினென்டாக இருந்த மேஜர் பூத்தைப் பார்த்துப் பலரும் குழம்பினார்கள்! இவர்கள் திறமைசாலிகள், உத்தியோகம் கிடைத்ததில் தவறே இல்லை. என்ஜினீயரிங் பட்டதாரிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் சேனையில் அதிகாரி ஆக வேண்டுமானால் சுத்த ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும் என்று அப்போது விதியே எழுதி வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு அரசரின் கமிஷன் என்று சொல்லும் அந்த அதிகாரம் முதன் முதலாகக் கிடைத்தது 1917-ல். அதுவும் ஒரு கைப்பிடி ஆட்களுக்குத்தான். அதற்குள் ஜான் சென் மண்ணுக்குள் போயிருந்தான்.

பாதி வழி

1915 டிசம்பரில் லீட்ஸ் தோழர்கள் லிவர்பூலில் கப்பலேறினார்கள். பிரான்சுக்கு அல்ல, எகிப்துக்கு. துருக்கியர்கள் சூயஸ் கால்வாயைப் பிடித்து விடாமல் காவல் காக்க வேண்டும். பாலைவனத்து மணலில் பள்ளம் தோண்டிக் கொண்டு குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

வாசகர்களே, இந்த இடத்தில் எனக்குப் பேனா சற்று நின்று விட்டது. சூயஸ் என்றால் இந்தியாவுக்கு வாசல் அல்லவா? அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ சீமைக்குப் போகும் கப்பல் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போகும். ஐந்து வருஷத்துக்கு முன்பு மாணவனாக, பெட்டியும் படுக்கையுமாக, அவனும் அதே தண்ணீரில்தான் மிதந்து போயிருப்பான். கரையில் காவல் நின்ற அந்த மாதங்களில் எத்தனை கப்பல்கள் கிழக்கே போவதைப் பார்த்திருப்பான்! வீட்டுக்குப் போகும் பாதையில் பாதி தூரம் வந்தாயிற்று.

மார்ச்சு மாதத்தில் உத்தரவு வந்தது. மறுபடியும் கப்பல். இந்தத் தடவை பிரான்சுக்கு. பாதி வழி வந்தவன் திரும்பிப் போனான்.

அவன் பிரான்சில் போய் இறங்கியபோது அங்கே நம் நாட்டுக் காலாட் படைகள் இல்லை. 1914-ல் வந்து முதல் குளிர்காலம் முழுவதும் சேற்றுக்குள் நின்று போரிட்ட இந்தியப் படைகளை, 1915 முடிவதற்குள் மெசபடோமியாவின் பக்கம் மாற்றி விட்டார்கள். குதிரைப் படைகள்தாம் மிச்சம். தன் பாஷையில் நாலு வார்த்தை பேசக் கொட்டகையில் ஒருவரும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்வதா, விதி என்று சொல்வதா? அதே 1916-ம் வருஷம், ஏப்ரல் மாதம், சந்திரநாகூர் வாலிபர்கள் சிலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேருவதற்காக மாலை மரியாதையோடு ரயிலேறினார்கள். எங்கே வந்தார்கள் தெரியுமா? புதுச்சேரிக்கு! நம் கடற்கரை மணலில்தான் அவர்களுக்குப் பயிற்சி. பிறகு கப்பலேறிப் பிரான்சு போய், வெர்டன் பக்கம் பீரங்கிப் படையில் இருந்தார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே வருஷம், ஒரே எதிரி. ஒரு சாராருக்குப் பிரெஞ்சுச் சட்டை. இவனுக்கு இங்கிலீஷ் சட்டை. பிரெஞ்சுக் கொடியின் கீழ் பிறந்தவன் பிரெஞ்சு மண்ணைக் காக்க இங்கிலீஷ்காரனாகப் போய்ச் சேர்ந்தான்.

மே 22

சோம் நதிப் பிரதேசத்தில் கோலன்காம் என்று ஒரு கிராமம். அதற்குக் கிழக்கே பதுங்கு குழிகள். எதிரே மேட்டின் மேல் செர் என்ற கிராமத்தை ஜெர்மானியர்கள் கையில் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக் குழிகளுக்கும் நடுவே முள்கம்பி வேலிகள். பகலில் குண்டு விழுந்து வேலி பிய்ந்து போகும். இரவில் இருட்டோடு இருட்டாகச் சிலர் ஊர்ந்து போய், சத்தம் செய்யாமல், புதிதாகக் கம்பி கட்டி விட்டு வர வேண்டும். எதிரி ஒரு வெளிச்ச வாணத்தை ஏவினால் போதும். அத்தனை பேரும் பட்டப்பகலில் நிற்பது போல் தெரிந்து விடுவார்கள்.

1916 மே 22-ந் தேதி இரவு அந்த வேலைக்குப் போனவர்களில் ஜான் சென்னும் இருந்தான். தெருவுக்கு விளக்குப் போட்டவனுக்கு அன்றைக்கு இருட்டில் வேலை. ஜெர்மன் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன. குண்டுச் சிதறல் ஒன்று காலில் பட்டது. அடுத்தது கழுத்தில். அவ்வளவுதான். வயது இருபத்தெட்டு. அந்த யுத்தத்தில் களத்தில் மாண்ட முதல் வங்காளி என்று அவனைச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அது நள வருஷம், வைகாசி மாதம். வில்லியனூரில் தேர்த் திருவிழாவுக்குரிய மாதம்.

கோலன்காமில் சாலை ஓரத்து மயானத்தில் அவனை அடக்கம் செய்தார்கள். அந்த மயானத்துக்குச் 'சூக்ரெரி' மயானம் என்று பெயர். சர்க்கரை ஆலை என்று அர்த்தம். பக்கத்தில் பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. வில்லியனூரை அடுத்த அரியூரிலும் ஒரு சர்க்கரை ஆலை நெடுங்காலம் ஓடியது. கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றதை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டு இனிமேல் நான் மயானத்தை நினைக்க வேண்டியிருக்கிறது.

அவன் போனது நாற்பது நாள் முந்திக் கொண்டதுதான். ஜூலை 1-ந் தேதி காலையில் லீட்ஸ் தோழர்கள் எல்லோரும் அதே குழிகளிலிருந்து எழுந்து செர் கிராமத்தை நோக்கி நடந்தார்கள். சில நிமிஷங்களுக்குள் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை அறுத்துப் போட்டு விட்டன. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். லிண்டாட் இறந்தார். பூத் இறந்தார். ஒரே தெருவில், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஆபீசில் பழகியவர்களைப் பிரிக்காமல் வைத்த அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. லீட்ஸில் தெருவுக்குத் தெரு துக்கம். பூத்தின் சகோதரி அவர் அறையை அப்படியே வைத்துக் கொண்டு, தம்பி வருவான், வருவான் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தாளாம். இதைப் படித்தபோது வில்லியனூர் லூர்து மாதா கோயிலில், வெளிநாடு போன மகனுக்காக மெழுகுவத்தி ஏற்றும் தாய்மார்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

கண்ணாடியை வைத்திருந்தது யார்?

இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தூரம் குறிப்பு எழுதி மேஜை மேல் வைத்து விட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால், என் மனைவி காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, மூக்குக் கண்ணாடின்னு தலைப்புப் போட்டிருக்கீங்க. கண்ணாடியையே காணோமே?"

"வருகிறது, வருகிறது. பட்டாளத்தில் ஒருவர் இறந்து போனால், அவர் சட்டைப் பையில் இருந்தது, மேலே போட்டிருந்தது, எல்லாவற்றையும் கட்டி வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். அப்படிச் சந்திரநாகூருக்கு வந்தது அந்தக் கண்ணாடி. உடைந்து போய், ரத்தக் கறையோடு."

"ரத்தக் கறையோடவா? துடைக்கலையா யாரும்?"

நான் பேசவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்து, "துடைக்க மனசு வராதுங்க" என்றாள்.

இவ்வளவு புத்தகங்களைப் புரட்டியும் எனக்குத் தோன்றாத விஷயம் அது! நமது வீட்டில் ஒரு கண்ணாடி உடைந்தால் என்ன செய்கிறோம்? குப்பையில் போடுகிறோம். உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. அந்த வீட்டில் அதை எறியவில்லை, துடைக்கவில்லை, சட்டம் மாற்றி வில்லை போட்டு வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. வீட்டார் பத்திரமாக வைத்திருந்து, அது பிறகு சந்திரநாகூர்க் காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னாளில் துய்ப்ளே துரையின் மாளிகை என்று பெயர் பெற்ற அந்தக் கட்டடம் நதியோரத்துச் சாலையில் இருக்கிறது. துய்ப்ளே புதுச்சேரிக்குக் கவர்னராக வருவதற்கு முன்னால் சந்திரநாகூரில்தான் அதிகாரியாக இருந்தார்.

அந்தக் காட்சிச் சாலையில் பிரெஞ்சுக்கார துரைமார்களின் சாமான்களுக்கு நடுவில், கண்ணாடி அலமாரிக்குள், இந்தக் கண்ணாடியும் வெகு காலம் சும்மா இருந்தது. 2005-ல் சந்தனு தாஸ் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே போனார். இங்கிலாந்தில் இலக்கியப் பேராசிரியர். முதல் யுத்தத்தில் இந்தியர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஆராய்ந்து வருபவர். கண்ணாடியைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்தார், ஜே. என். சென், வெஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமெண்டு என்று கண்டார். அதன் கூட வேறு சில பொருள்களும் இருந்தன. அவற்றில் ஒன்றில், அன்புடன் 'சிஸ்' என்று ஒரு பெண் கையெழுத்திட்டிருந்தாள்.

இது ஒரு பக்கம். லீட்ஸில் இருந்தவர்களிடம் கதையின் இன்னொரு பாதி இருந்தது. சர்வகலாசாலையின் யுத்த நினைவுக் கல்லில் சென் என்ற பெயர் இருக்கிறது. மில் ஹில் சர்ச்சின் நினைவுக் கல்லிலும் இருக்கிறது. யார் இந்தச் சென் என்று அங்கே தேடியவர்களும், இங்கே கண்ணாடியைக் கண்டவரும், யுத்தத்தின் நூற்றாண்டு நெருங்கிய சமயத்தில் ஒருவரையொருவர் அறிந்து கொண்டார்கள். பெயர் ஒரு கண்டத்திலும் ரத்தக் கறை ஒரு கண்டத்திலுமாக நூறு வருஷம் கிடந்து, 2015-ல் பத்திரிகைகளில் ஒன்று சேர்ந்தன. டால்பி கிழவர் சொல்லி வைத்த நாலு வரியும் அப்போது மதிப்புப் பெற்றது.

பிரிட்டிஷ் இந்தியச் சேனையின் பேரால் அந்த யுத்தத்துக்காகக் கடல் கடந்து போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். மாண்டவர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேல். ஜான் சென் அந்தக் கணக்கில் சேர மாட்டான். அவன் இங்கிலீஷ் ரெஜிமெண்டுக்காரன். புதுச்சேரி நினைவுச் சின்னத்தின் கணக்கிலும் சேர மாட்டான். அவன் பிரெஞ்சுச் சொல்தாவும் அல்ல. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் நழுவி விழ வேண்டியவனை அந்த வீட்டார் ஒரு மூக்குக் கண்ணாடியைக் கொண்டு பிடித்து நிறுத்தி விட்டார்கள்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சொல்தா வீடுகளில் இப்போது பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது தலைமுறை இருக்கிறது. பலர் பாரிசுக்கே குடி போய் விட்டார்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில கைமாறி விட்டன. பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் என்னென்னவோ கிடைக்கும். தகரப் பெட்டி, துருப்பிடித்த மெடல், பிரெஞ்சில் எழுதிய கடிதக் கட்டு, சைகோன் ஸ்டூடியோவில் எடுத்த மங்கிய போட்டோ. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் அவற்றை ஒரு தடவை பிரித்துப் பார்க்கட்டும். போட்டோவின் பின்புறத்தில் பெயரும் ஊரும் இருந்தால் அதை யாராவது ஒரு குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லட்டும்.

என் மைத்துனி கல்கத்தாவில் இருக்கிறாள். பூஜை விடுமுறைக்கு வரச் சொல்லி இரண்டு வருஷமாக எழுதிக் கொண்டிருக்கிறாள். நான்தான் வேலை, வேலை என்று தட்டிக் கழித்து வந்தேன். நேற்று இரவு சாப்பாடு போடும்போது என் மனைவி கேட்டாள்:

"ஹௌராவிலேருந்து அந்த ஊருக்கு எவ்வளவு நேரங்க?"

"மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் இருக்கும்."

"டிக்கெட் எடுத்துடுங்க" என்றாள்.